முகமூடியும் நீதியும்

மறைந்து நின்று செயற்படுபவன் அறவழியில் நிலைத்து நிற்பானா என்னும் வினா மிகப் பழைமையானது. பிளேட்டோவின் ‘குடியரசு’ என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமற் செய்யும் ஒரு மோதிரத்தின் கதை வருகிறது. அதனைக் கண்டெடுத்த இடையன் அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைக் கைப்பற்றுகிறான். பிறர் காணமாட்டார் என்ற உறுதி கிடைக்குமாயின் நல்லவனும் தீயவனும் ஒரே வழியிலேயே செல்வர் என்பது, அக்கதையை எடுத்துரைக்கும் கிளாக்கனின் வாதம். அவ்வாதத்திற்கு விடைகாணும் முயற்சியாகவே நூலின் எஞ்சிய பகுதி பெரிதும் அமைகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே தோன்றிய அதிமானுட வீரர் சித்திரக்கதைகள் இவ்வினாவை வேறொரு வடிவில் மீண்டும் எழுப்பின. மோதிரத்தின் இடத்தை அவற்றில் முகமூடி பெற்றது. சிறுவரின் பொழுதுபோக்கு என இக்கதைகளை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் சட்டத்தைக் காக்க வேண்டியவரே குற்றவாளியின் கூட்டாளியாகிவிட்டால் தீங்குற்றவன் எங்கே சென்று முறையிடுவான் என்ற கேள்வி அவற்றின் அடித்தளமாக அமைந்துள்ளது. பொப் கேனும் பில் பிங்கரும் 1939 இல் படைத்த பற்மான் அக்கேள்விக்குக் கூறப்பட்ட ஒரு விடையாவான். பொலிசாரை விலைக்கு வாங்கலாம். எவரென்றே அறியப்படாத ஒருவனை வாங்கவோ அச்சுறுத்தவோ இயலாது. முகமூடிக்குச் சார்பாகக் கூறத்தக்க நியாயங்களுள் வலிமை மிக்கது இதுவே.

எனினும் அதே நியாயம் குற்றவாளிக்கும் பயன்படுகிறது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிற்கோவும் 1964 இல் வெளியிட்ட ஸ்பைடர்மான் கதையொன்றிலே, நியூயோர்க்கின் குற்றக் கும்பல்களைத் தன் ஆணைக்குள் கொண்டுவரும் முகமூடித் தலைவன் ஒருவன் வருகிறான். இறுதியில் முகமூடி நீங்கியபோது அவன் ஒரு செய்தித்தாளின் நிருபன் எனத் தெரியவருகிறது. உண்மையை வெளிக்கொணர்வதைத் தொழிலாகக் கொண்டவனே உண்மையை மறைத்து வாழ்ந்தான். 1985 இல் பற்மானின் பகைவனாக அறிமுகமான ‘கறுப்பு முகமூடி’ என்பவன் இன்னும் கூர்ந்து நோக்கற்பாலன். றோமன் சயோனிஸ் என்னும் இவன் செல்வக் குடும்பத்து வாரிசு. தன் பெற்றோரைத் தீயிட்டுக் கொன்றவன். தந்தையின் கருங்காலிச் சவப்பெட்டியிலிருந்து செதுக்கிய முகமூடியை அணிந்து குற்றக் கூட்டமொன்றை நடத்துபவன். பற்மானாகிய புரூஸ் வெய்னும் பெற்றோரை இழந்த செல்வக் குடும்பத்து வாரிசே. இருவர் முகமூடிகளும் ஒரே பணியையே செய்கின்றன. தம்மை அணிந்தவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்குகின்றன. ஆகவே முகமூடியைக் கொண்டு ஒருவனை நல்லவன் என்றோ தீயவன் என்றோ துணிய முடியாது.

பொலிசாரின் ஊழலும் இதனோடு தொடர்புடையதே. பிராங்க் மில்லர் எழுதி டேவிட் மட்சுக்கெல்லி வரைந்து 1987 இல் வெளிவந்த ‘பற்மான்: முதலாம் ஆண்டு’ இதற்குத் தக்க சான்றாகும். கொதம் நகருக்கு மாற்றலாகி வரும் கோர்டன் என்னும் பொலிஸ் அதிகாரி இலஞ்சம் பெற மறுக்கிறார். அதற்காக அவருடைய சக உத்தியோகத்தரே முகத்தை மறைத்துக்கொண்டு வந்து அவரைத் தாக்குகின்றனர். சீருடை அணிந்தவர் தம் குற்றத்தைச் செய்வதற்கு முகமூடியை நாடுவது பொருள் பொதிந்த காட்சியாகும். சீருடையின் நோக்கம் அணிந்தவரை அடையாளங் காட்டுவது. அவர் செயலுக்கு அவரைப் பொறுப்பாக்குவது. ஊழல் மலிந்த திணைக்களத்திலோ சீருடையே ஒரு முகமூடியாகிவிடுகின்றது. தனி மனிதனின் தவறு திணைக்களத்தின் மௌனத்துள் மறைகின்றது.

இது கற்பனை உலகுக்கு மட்டும் உரியதன்று. நியூயோர்க் பொலிஸ் உத்தியோகத்தரான பிராங்க் சேர்ப்பிக்கோ, தம்முடன் பணிபுரிந்தோர் சூதாட்டக்காரரிடமிருந்து பணம் பெறுவதை மேலதிகாரிகளிடம் பலமுறை முறையிட்டும் பயன் கிட்டவில்லை. 1970 ஏப்ரிலில் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ செய்தித்தாள் அவ்வூழலை வெளியிட்ட பின்னரே நகர மேயர் ஜோன் லின்ட்சே விசாரணைக்கு வழிசெய்தார். அவ்வாறு அமைந்ததே நாப் ஆணைக்குழு. 1971 பெப்ரவரி 3 ஆம் திகதி, போதைப்பொருள் தேடுதல் ஒன்றின்போது சேர்ப்பிக்கோ முகத்திற் சுடப்பட்டார். உடன் வந்தோர் தமக்கு உதவவில்லை என அவர் பின்னர் கூறினார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் ஆணைக்குழுவின் முன் பகிரங்கமாகச் சாட்சியமளித்தார். ஊழல் புரிந்த பொலிசாரை ஆணைக்குழு இருவகையினராகப் பிரித்தது. இலாபத்தை வேட்டையாடித் திரிந்தோரை இறைச்சி தின்போர் என்றும், வழியிற் கிடைத்த சிறு தொகையைப் பெற்றுக்கொண்டோரைப் புல் தின்போர் என்றும் அது குறிப்பிட்டது. பின்னவரே பெரும்பான்மையினர், ஊழலுக்கு மதிப்புத் தோற்றத்தை அளிப்பவரும் அவரே என அது கண்டது. ஒரு கொடியவனைப் பிடித்துக் கட்டிவைப்பதால் இந்நோய் தீராது என்பது இதனாற் பெறப்படும். இறைச்சி தின்பவனை அதிமானுட வீரன் வீழ்த்தலாம். புல் தின்போர் ஆயிரவரை எந்த வீரனாலும் வீழ்த்த இயலாது. அவர்களுடைய மௌனத்தைக் கலைப்பதற்கு வேறு வழி வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தல் அவசியம். அஞ்சத்தக்க வலியோர் முன்னே உண்மையைக் கூற விழையும் எளியவன் தன் பெயரை மறைப்பது தற்காப்பு. அவன் மறைவதால் பிறர் எவரும் தம் உயிரையோ உரிமையையோ உடனடியாக இழப்பதில்லை. அவன் கூற்றைப் பிறர் ஆராய்ந்து ஏற்கலாம், தள்ளலாம். தண்டிக்கும் வல்லமையுடையவன் முகத்தை மறைப்பதோ வேறு. அவன் பிழை செய்தால் பாதிக்கப்பட்டவன் எவரைக் குற்றஞ்சாட்டுவான்? எங்கு மேன்முறையீடு செய்வான்? எனவே துப்புத்துலக்கும் முகமூடிக்கு இடமளிக்கும் அறநெறி, தீர்ப்பளிக்கும் முகமூடிக்கு இடமளிக்க முடியாது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தனக்கெதிரான சாட்சிகளை நேரிற் காணும் உரிமையை 1791 இல் நிறைவேறிய அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் உறுதிசெய்தது. விசாரணை மறைவில் தொடங்கலாம். தீர்ப்பு மறைவில் அமைதல் தகாது என்ற கருத்து இதில் அடங்கியுள்ளது.

இவ்வெல்லையை மீறுவதன் விளைவைச் சித்திரக்கதைகளே காட்டியுள்ளன. ஜட் வினிக் எழுதி 2005 ஆம் ஆண்டளவில் வெளிவந்த கதைத்தொடரில், பற்மானின் முன்னாள் துணைவனான ஜேசன் ரொட் முகமூடியணிந்து கறுப்பு முகமூடியுடன் போரிடுகிறான். குற்றத்தை ஒழிக்க முடியாதெனக் கருதும் அவன், கொலையின் மூலம் அதனைக் கட்டுப்படுத்த முனைகிறான். முடிவில் அவனே குற்ற உலகின் தலைவருள் ஒருவனாகிறான். அவன் நோக்கம் தூயதாயினும், அவனைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவருமில்லை.

நீதிமன்றமும் விலைபோய்விட்டால் குற்றவாளியை எவரிடம் ஒப்படைப்பது என வினவப்படலாம். இது தள்ளிவிடத்தக்க வினாவன்று. ஆயினும் ‘முதலாம் ஆண்டு’ கதையிலே மாற்றம் எவ்வாறு வருகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். தன் இல்லற வாழ்விற் செய்த தவற்றை வைத்து மேலதிகாரிகள் அச்சுறுத்தியபோது, கோர்டன் அத்தவற்றை மனைவியிடம் தாமே ஒப்புக்கொள்கிறார். மறைத்து வைத்தது வெளிப்பட்டதும் அச்சுறுத்தல் வலுவிழக்கிறது. பின்னர், ஊழல் புரிந்த அதிகாரி ஒருவனே தன் தலைவனைக் காட்டிக்கொடுக்க, பொலிஸ் ஆணையாளர் பதவி விலக நேர்கிறது. பற்மானின் துணை பெரிதாயினும், தன் பெயரோடும் முகத்தோடும் பதவியில் நிலைத்து நின்ற ஒருவர் இல்லாதிருந்தால் அத்துணையால் பயன் விளைந்திராது. நியூயோர்க்கிலும் செய்தித்தாளும் ஆணைக்குழுவும் பகிரங்கச் சாட்சியமுமே கதவைத் திறந்தன.

ஆனால் அக்கதவைத் திறப்பதற்குச் சேர்ப்பிக்கோ கொடுத்த விலையை மறந்துவிடலாகாது. நேர்மையானவர் முகங்காட்டிப் பேசவேண்டுமென வற்புறுத்தும் சமுதாயம், அவ்வாறு பேசியவரைக் காக்கும் கடமையையும் ஏற்றல் வேண்டும். அக்கடமையை அது கைவிடுமாயின் முகமூடி வீரர் மீது மக்கள் கொள்ளும் ஏக்கத்தைக் குறைகூற அதற்கு உரிமையில்லை. சாட்சி சொல்பவன் அச்சமின்றித் தன் பெயரைக் கூறவும், தண்டிப்பவன் தன் பெயரைக் கூறக் கடமைப்படவும் வகைசெய்யும் ஆட்சியிலேயே அவ்வேக்கம் தணியும்.