கண் வேண்டாத உயிர்

இலங்கையின் ஈர மண்ணில், மக்கிக்கொண்டிருக்கும் சருகுக்கு அடியில், அரிசிமணி நீளமே உள்ள ஓர் உயிர் வாழ்கிறது. குட்டைவால் சாட்டைத்தேள் இனத்தில் ஒன்று. அறிவியலில் ஸ்கிசோமஸ் கிராஸிகாடாட்டஸ். 1872-இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதியவர் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தில் டார்செட் பகுதிச் சிற்றூர் ஒன்றின் தேவாலயப் போதகர் அவர். ஞாயிறன்று பிரசங்கம், மற்ற நாட்களில் சிலந்தி ஆராய்ச்சி. இரண்டுமே வழிபாடுதான் என்று எனக்குப் படுகிறது.

தேள் என்று பெயர்தான். கொடுக்கும் இல்லை, விஷமும் இல்லை. கண்ணும் கிடையாது. முன்னங்கால் இரண்டும் நூலாக மெலிந்து நீண்டிருக்கும். அவற்றை ஊன்றி நடப்பதில்லை. முன்னே நீட்டி, மண்ணைத் தொட்டு, எடுத்து, மறுபடி தொட்டுத்தான் ஒவ்வோர் அடியும். ஏதாவது உறுத்தினால் சட்டெனப் பின்னோக்கித் துள்ளிவிடும்.

ஆணின் குட்டை வால் நுனியில் குமிழ்போலப் பருத்திருக்கும். கூடும் காலத்தில் பெண் அந்தக் குமிழைத் தன் வாயுறுப்பால் கவ்விக்கொள்கிறது. ஆண் மெல்ல முன்னே நடந்து, விந்துப் பொதியைத் தரையில் வைக்கிறது. பின்தொடரும் பெண் அதன்மேல் வந்து ஏற்றுக்கொள்கிறது. இருவருக்கும் பார்வை இல்லை. பற்றிய பிடி ஒன்றே வழிகாட்டி. பிறகு தாய் மண்ணுக்குள் சிறு அறை அமைத்து, முட்டைகளை அடிவயிற்றில் ஒட்டியபடி காத்திருக்கிறது. தவம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். யாரும் பார்க்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் துளியும் இல்லை. நம் விரதங்களையும் நேர்த்திக்கடன்களையும் அப்படிச் சொல்ல முடியுமா?

இதன் தோல் மெல்லியது. ஈரம் வற்றினால் உயிர் தங்காது. அதனால்தான் இந்த இனத்தார் சருகடியிலும் கல்லடியிலும் குகையிலும், சிலர் கறையான் புற்றிலும்கூடக் குடியிருக்கிறார்கள்.

கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் இருக்கிறான் என்று சொல்லி நாம் ஆறுதல் கொள்கிறோம். இந்தச் சிற்றுயிருக்குப் படியளப்பது மரம் உதிர்க்கும் இலை. சருகில் பெருகும் நுண்பூச்சிகளே இதன் இரை. அந்தச் சருகைத்தான் கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிட்டு, குளித்துத் திருநீறு பூசிக் கோயிலுக்குப் புறப்படுகிறோம்.

உங்கள் தோட்டத்தில் ஒரு மரத்தடியையாவது கூட்டாமல் விடுங்கள். எதற்காகவேனும் ஒரு கல்லைப் புரட்ட நேர்ந்தால், இருந்தபடியே திருப்பி வையுங்கள்.