வெளியே நிற்கும் சின்ன இரண்டு

‘ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்’ என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதியிருந்தாள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள். ‘டூ ஏபி’யைக் காணோம். எந்த ஊர்ப் பிள்ளையும் செய்கிற பிழைதான். மூன்றையும் ஒன்றையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சரியான விடை 16, அவள் வழியில் 10. ஒப்புக்கொண்டாள். ஆனால் கேட்டாள்: “வெளிய நிக்கிற ரெண்டு உள்ள இருக்கிற எல்லாருக்கும் போவணும்னுதான சித்தப்பா சொல்லிக்குடுத்தாங்க?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடைப்புக்குறிக்கு முன்னால் நின்று பெருக்கும் 2 உள்ளே இருக்கும் இருவருக்கும் போகிறது. உள்ளே கூட்டலுக்குப் பதில் பெருக்கல் இருந்தால், தலைமேல் நிற்கும் சின்ன 2 கூட இருவருக்கும் போகிறது. கூட்டலின் தலைமேல் நின்றால் மட்டும் அது போதாது. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் பூச்சியமாக இருந்தாலொழிய அவள் விடை சரியாக வராது. நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, ஒரு மூலையில் 9, எதிர்மூலையில் 1, மீதம் மும்மூன்றாக இரண்டு பட்டை என்று காட்டினேன். புரிந்தது. ஆனால் அவளுடைய நம்பிக்கை, யாரையும் விட்டுவிடாமல் பகிரவேண்டும் என்பது, பிழையென்று அடிக்கக்கூடியதா?

ஸ்ரீதரரின் கணிதநூலில் ஒரு முத்துமாலைப் புதிர் உண்டு. எப்போதோ படித்தது. மாலை அறுந்து விழுகிறது. மூன்றில் ஒரு பங்கு தரையில், ஐந்தில் ஒன்று படுக்கையில், ஆறில் ஒன்றும் பத்தில் ஒன்றும் இருவர் கையில், நூலில் எஞ்சியவை ஆறு. மொத்தம் 30. எப்படிச் சிதறினாலும் கூட்டினால் திரும்பி வந்துவிடுகிற கணக்கு. எண்ணிக்கைக்கு அந்த விசுவாசம் உண்டு. தூத்துக்குடியில் முத்துக்கு விலை போட்டவர்கள் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை.

தாத்தா 1961-இல் முத்துக்குளிக்கப் போனவர். அதோடு எங்கள் கடலில் அந்தத் தொழில் நின்றுபோனது. சர்க்காருக்கு இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு என்று சிப்பியைக் கூறு போட்டதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் கேட்க நினைத்ததெல்லாம் விலை. அதை அவர் சொன்னதில்லை.

பிறகு நானே தேடிப் படித்தேன். துளையிட்ட பித்தளைக் கிண்ணங்கள் பத்து. முதல் கிண்ணத்தில் 20 துளை, கடைசியில் 1000. முத்தை அவற்றில் சலித்து, அளவு வாரியாகப் பிரித்து, மஞ்சாடி என்ற எடையளவில் நிறுப்பார்கள். மொத்த எடையின் வர்க்கத்தில் முக்கால் எடுத்து, முத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் மதிப்பு. எடை இரு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்கு. பெரிய முத்து அவ்வளவு அரிது.

அந்த முக்காலை விட்டுவிட்டு அதே 3, 1-ஐ வைத்துப் பாருங்கள். மூன்று மஞ்சாடி முத்தும் ஒரு மஞ்சாடி முத்தும் தனித்தனியே 9, 1, கூட்டினால் 10. ஒன்றாக நிறுத்தால் 16-ஐ இரண்டால் வகுத்து 8. கலந்ததால் இரண்டு குறைந்துவிட்டது. எந்த இரண்டு முத்தைக் கலந்தாலும், எடை வித்தியாசத்தின் வர்க்கத்தில் பாதி காணாமல் போகும். சம எடையென்றால் நஷ்டமில்லை. சலித்துப் பிரித்ததன் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்கியது.

அவள் எழுதிய 10 முத்துக் கணக்கில் நியாயமான விலை! தனித்தனியே மதித்தால் வருவது அதுதான். அப்படியானால் பிள்ளைகளைச் சராசரி போட்டு மதிக்கிறோமே, அங்கே காணாமல் போவது யாருடைய பங்கு? ஒருவேளை இந்த ஒப்புமையே பொருந்தாது. முத்துக்கு எடை உண்டு, மனிதருக்கு அப்படி ஒரு தராசு கிடையாது. இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பகிர்வது நியாயமா, ஒவ்வொருவரையும் தனியாகச் சலித்துப் பார்ப்பது நியாயமா என்று கேட்டால், பிரித்தெடுப்பதில் இருக்கிற கொடுமையும் கண்ணுக்குத் தெரிகிறது. 1000 துளைக் கிண்ணத்தில் தங்குகிற பொடி முத்து யாருக்கு வேண்டும்?

தாத்தாவின் பங்கு எப்படி விலை போயிற்று என்றும் தெரியவில்லை. திறக்காத சிப்பியாகவே கரையில் விற்றிருக்கலாம், பலர் அப்படித்தான் விற்றார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சிப்பிக்கு இந்த இரண்டு கணக்கில் எதைப் போடுவது? யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.