பலகை சொல்லாத சாட்சி



மழைநாள் மாலையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி தன் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்துகிறான். அடுத்த முறை, பயந்துபோய்ப் பழைய இடத்துக்கே திருப்புகிறான். சற்று நேரம் கழித்துக் கோட்டை கட்டிவிடுகிறான். அண்ணனுக்கு நினைவில்லை. இதில் குற்றம் உண்டா?

கோட்டை கட்டுவது என்பது, ராஜா மூலையில் நிற்கும் யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர, யானை ராஜாவைத் தாண்டி அடுத்த கட்டத்தில் வந்து நிற்பது. தன் காய்களில் இரண்டை ஒரே முறையில் நகர்த்தும் சலுகை சதுரங்கத்தில் இது ஒன்றே. ஆகவே நிபந்தனைகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவே வேறு காய் இருக்கலாகாது. ராஜாவுக்கு அப்போது ‘செக்’ இருக்கலாகாது. ராஜா கடக்கும் கட்டத்திலும், போய்ச் சேரும் கட்டத்திலும் எதிரியின் தாக்குதல் இருக்கலாகாது. இவையெல்லாம் பலகையைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு நிபந்தனை உண்டு. அந்த ராஜாவும் அந்த யானையும் ஆட்டம் தொடங்கியது முதல் ஒருமுறையும் நகர்ந்திருக்கக் கூடாது. இதைப் பலகை சொல்லாது. போய்த் திரும்பிய ராஜாவும், போகவே போகாத ராஜாவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே நிற்பார்கள்.

செக்கர்ஸ் ஆட்டத்தைப் பாருங்கள். வெட்ட வழியிருந்தால், நமக்கு நஷ்டமானாலும் வெட்டியே ஆகவேண்டும். வெட்டாமல் விட்டவனின் காயை எதிராளி எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். அங்கே தவறைப் பலகையே காட்டிக்கொடுக்கும். பெரிய சதுரங்கப் போட்டிகளிலோ, ஆடுவோர் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதுகிறார்கள், தாள் சாட்சியாகிறது. வீட்டுத் திண்ணையில் தாள் ஏது? தம்பியின் மனச்சாட்சி ஒன்றே சாட்சி.

“காய்கள் பழைய இடத்தில்தானே இருக்கின்றன, யாருக்கு என்ன நஷ்டம்?” என்பீர்கள். மரக்காயைக் கை எந்தத் திசையிலும் தள்ளிவிடலாம், மரம் தடுக்காது. காய் ஒழுங்காக நடப்பது, இருவரும் ஒருவரையொருவர் நம்பி ஒப்புக்கொண்டதால்தான். அந்த நம்பிக்கையை அண்ணன் அறியாமலே தம்பி பறித்துக்கொண்டான்.

பெரியவர்களாகிய நாமும் இப்படி ஆடுவதில்லையா? சீட்டுப் பணத்தைக் காத்துவந்தவர் அவசரத்துக்கு நூறு ரூபாய் எடுத்து, எவரும் அறியுமுன் திரும்ப வைத்துவிடுகிறார். எண்ணிப் பார்த்தால் தொகை சரியாக இருக்கிறது. ஆனால் “நான் ஒருநாளும் கைவைத்ததில்லை” என்று சொல்லும் உரிமை அவருக்குப் போய்விட்டது. பெட்டி அதைச் சொல்லாது, அவர்தாம் சொல்லவேண்டும்.

சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்துபோகாது. கோட்டை கட்டும் உரிமை இழந்த ராஜாவும் ஒவ்வொரு கட்டமாக நடந்து பத்திரமான இடம் சேரலாம். தாமதமாகும், அவ்வளவே.

பெற்றோரே, “அண்ணா, என் ராஜா முன்பே ஒருமுறை நகர்ந்துவிட்டது” என்று உங்கள் பிள்ளை தானாகவே சொல்லும் நாள் வந்தால், அன்று அவன் தோற்றாலும் அவன் முதுகைத் தட்டிக்கொடுங்கள்.