ஏகாலியார் கைப்பட்ட ஆடை



மலத்தை மலத்தாற் கழுவுதல் யாங்ஙனம் என்னும் ஐயத்திற்கு விடையாக, சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்திலே அருணந்தி சிவாசாரிய சுவாமிகள் ஆடை வெளுக்கும் தொழிலை உவமையாக எடுத்தாளுகின்றனர். அழுக்கைப் போக்கப் புகுவோர் சாணத்தையும் உவரையும் ஆடையின்மேல் ஏற்றுகின்றனர். அவையும் அழுக்கே. அவை ஏறியபோது ஆடை முன்னையினும் இழிந்து தோன்றும். பின்னர்ப் பழைய அழுக்கும் புதிய அழுக்கும் ஒருங்கே நீங்கும். அங்ஙனமே தனுகரண புவன போகங்களாகிய மாயாகாரியங்களை உயிர்க்குக் கூட்டி, அநாதியே பற்றிய ஆணவத்தின் வலியை இறைவன் தேய்த்தருளுவன் என்பது கருத்து. மின்பொறியிலே ஆடை துவைப்பிக்கும் இக்காலத்து மாணாக்கர்க்கு இவ்வுவமையை விளக்குதல் எமக்குச் சிறிது அரிதாகின்றது. சாணமிட்டு வெளுத்தலைக் கண்டவர் அவருள் இலர்.

இவ்வுவமைமேல் அன்பரொருவர் அண்மையில் ஒரு தடை நிகழ்த்தினார். அவர் சாத்திரங்களை முறையாகப் பாடங்கேட்டவர். தம் ஆசாரியர் தீக்ஷாகாலத்து உவந்தளித்த வெண்டுகில் ஒன்றைப் பல்லாண்டாகப் போற்றி, விரதநாட்களில் மட்டும் உடுத்து வந்தனர். அதனை வெளுக்கக் கொடுத்தவிடத்து, ஏகாலியார் அதனைத் துறவியர் காஷாயங்களோடு ஒரே சாலில் ஊறவைத்துவிட்டனர். துகில் முழுதும் செம்மை பாய்ந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. அன்பர் கூலியை மறுத்து, இனி இவ்வாயிலில் வாரற்க என்று விலக்கியும் விட்டனராம். பின் எம்மிடம் வந்து, "வெளுக்கப் புகுந்த தொழிலே ஆடையைக் கெடுத்ததன்றோ? அற்றேல், மாயையால் உயிரைக் கழுவும் முதல்வன் செயலும் உயிரைக் கெடுத்தல் கூடும்போலும்" என்றனர். துயரத்திற் பிறந்ததாயினும் தடை தடையே; அதற்கு விடை கூறுதல் கடன்.

காவி என்பது நூலினுள் ஊறிப் பிணையும் சாயமன்று. இரும்பின் கலப்பாற் சிவந்த மண் அது. நூலின்மேற் படிந்து நிற்பது. ஆதலின் நீர்பட்டவழிக் கரைந்து அடுத்ததனைப் பற்றும். உவரும் சவர்க்காரமும் அக்கறையைப் பெயர்க்கமாட்டா. புளிப்புடைய பொருளே சிறிது பெயர்க்கும். எனவே வெண்டுகில் சிவந்தது வெளுத்தலால் அன்று, சார்பினால். சார்ந்ததன் வண்ணமாதல் என நம் நூல்கள் உயிர்க்குக் கூறும் இலக்கணம் இதுவே. துகிலின் இழை ஒன்றேனும் அழிந்திலது என்பதனையும் நோக்குக. இனி, ஏகாலியார் பலர் ஆடையை ஒரு சாலில் இட்டது சிற்றறிவுடைமையால். முதல்வனோ ஒவ்வோர் உயிர்க்கும் அதனதன் கன்மத்திற் கேற்பவே உடம்பு கூட்டுவன். ஒன்றன் வினை மற்றொன்றிற் படிய விடான். ஒருபுடை உவமையை முற்றுவமையாகக் கொண்டு தடை நிகழ்த்துதல் முறையன்று. தடைக்கு விடை இவ்வளவே.

எம்மை வருத்தியது தடையன்று, கூலியை மறுத்தமை.

ஆண்டுதோறும் சித்திரைச் சுவாதியிலே அவ்வன்பர் யாருடைய குருபூசையைக் கொண்டாடுகின்றனர்? காஞ்சியில் ஏகாலியர் குலத்துத் தோன்றிய திருக்குறிப்புத்தொண்ட நாயனாருடையதன்றோ? அவர் புராணம் 128 செய்யுட்களை உடையது. அவற்றுட் பெரும்பாலன தொண்டைநாட்டுச் சிறப்பும் காஞ்சித்தல மகிமையும் கூறுவன. நாயனார் சரிதம் இறுதியிற் சில செய்யுட்களே. அச்சிலவற்றுள்ளும் சேக்கிழார் சுவாமிகள் வெளுக்கும் முறையை விடாது வைத்தனர். குளிர்காலத்தே மெலிந்த மேனியராய் வந்த மாதவர், இக்கந்தையன்றிக் குளிர்க்கு வேறில்லை, மாலைக்குமுன் தாரீரேல் இவ்வுடம்பிற்கு இடர்செய்தீராவீர் என்று சொல்லிக் கொடுத்தனர். நாயனார் துறையிலே முதற்கண் அழுக்கைப் போக்கினார், பின் புழுக்கினார், பிரித்து ஒலிக்கப் புகுமளவிற் பகல் சாய்ந்து மழை சூழ்ந்தது. தொழிலை விடவும் ஒண்ணாது, முடிக்கவும் ஒண்ணாது நின்ற நிலை அது. மழை ஒருகால் விடும் என்று நின்றார், விட்டிலது. அவர் மழையை நொந்திலர். காலம் குறுக்கிய மாதவரையும் நொந்திலர். முன்னரே ஒலித்து வீட்டிற் காற்றேற்க உலர்த்த அறிந்திலேனே என்று தம்மையே நொந்து, ஆடை புடைக்கும் பாறையிலே தம் தலையைப் புடைக்கத் துணிந்தனர்.

கந்தையை உடம்பென்றும் மாலையை இறுதிக்காலமென்றும் உருவகஞ் செய்வார் உளர். கேட்க இனிது, ஆயினும் அவ்வுருவகத்தில் அங்கே குளிரால் நடுங்கிய மேனி மறைந்து போகின்றது. நாயனார் உயிர்விடத் துணிந்தது பிறரொருவர் குளிர்க்காக. நம் அன்பர் வருந்தியதோ தம் துகிலுக்காக. குருப்பிரசாதம் கெட்டதென வருந்துதல் குற்றமன்று, யாமும் வருந்துவேம். அதனை நிமித்தமாக ஓர் ஏழையின் நாட்கூலியை நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்? அன்று அம்மனையில் உலை ஏறிற்றோ, இல்லையோ! கூலியை அவர் இல்லத்திற்கே கொண்டுபோய்க் கொடுத்து, துகிலையும் அவர் கையாலேயே புளிநீரில் இன்னொருகால் அலசுவிக்க என்றேம். அன்பர் ஒன்றுங் கூறாது எழுந்து சென்றனர்.

அன்று மழையைப் பெய்வித்தவர் யார்? கந்தையோடு வந்தவரே. அது சோதனை என்று மட்டும் சொல்லி அமைதல் எமக்குப் போதியதாகத் தோன்றவில்லை. ஐந்தொழிலுள் மறைத்தலும் அருளின் கூறே. திரோதான சத்தி மலத்தோடு உடனின்று அதனைப் பக்குவப்படுத்தும் என்பது சித்தாந்தம். நாயனார்பாற் பக்குவப்பட வேண்டியது எஞ்சியிருந்ததென்று கூற எம் நா எழவில்லை. அம்மறைப்பு நம்மனோர்க்குக் காட்டும் பொருட்டே நிகழ்ந்ததென்க.

பாறையின் மருங்கே எழுந்து நாயனாரைப் பிடித்த திருக்கையிலே வளைத்தழும்பு இருந்தது. அத்தழும்பின் வரலாற்றையும் சேக்கிழார் சுவாமிகள் அதே புராணத்தில் முன்னரே கூறிவைத்தனர். கம்பையாற்று வெள்ளம் பெருகி வரக் கண்டு, தாம் பூசித்த இலிங்கத்திற்கு ஊறு நேருமென அஞ்சி அம்மை தழுவியபோது பதிந்தது அது. அவ்வெள்ளத்தை வருவித்தவரும் அவரே. அங்கும் நீர், இங்கும் நீர். அங்கும் அச்சம், இங்கும் அச்சம். பின்பு நீர்மழை போய்ப் பூமழை பொழிந்தது. அக்கந்தை உலர்ந்ததோ என்பதனைச் சுவாமிகள் கூறிற்றிலர்.