பிரம்மாவிடம் கேட்ட கேள்வி

 

சுவாமிமலைக் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கயிலைக்கு வந்த பிரம்மதேவர், சின்னப்பிள்ளைதானே என்று முருகனைக் கவனிக்காமல் போகிறார். பிள்ளை கூப்பிட்டு நிறுத்துகிறது. "என்ன தொழில் பண்றீங்க?" "படைப்புத் தொழில்." "எதை வச்சு?" "வேதத்தை வச்சு." "எங்கே, ஓதுங்க பார்ப்போம்." அவர் 'ஓம்' என்று ஆரம்பித்ததுமே, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்கிறான் நம் அப்பன். பதில் இல்லை. தலையில் குட்டு, அப்புறம் சிறை.

இதில் ஒன்றை நாம் சட்டென்று தாண்டிப் போயிடறோம். பிரம்மா பொய் சொல்லவில்லை. சொன்னது பிரணவம், அதைவிட உண்மை ஏது? பொருள் தெரியாமல் சொன்னதற்கே சிறை என்றால், உண்மையா பொய்யா என்றே பார்க்காமல் நாள் முழுக்க ஃபார்வர்டு பண்ணுகிற நம் விரலை என்ன செய்யலாம்?

கசப்பான விஷயம்தான், ஆனா சொல்லியே ஆகணும். 2018 மே மாதம், 'பிள்ளை பிடிக்கிற வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கு' என்று நம் வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் முழுக்க ஒரே பேச்சு. வதந்தி, நம்பாதீங்க என்று போலீஸ் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அப்போது சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போனது, நீங்களும் நானும் போகிற மாதிரி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்க நிறுத்தினார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கூட்டம் திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தே போனார். அருணகிரிநாதரை முருகன் தடுத்தாட்கொண்ட மண் அது.

அடித்தவர்கள் பிறவிக் கொலைகாரர்களா? இல்லீங்க. பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்கள்தான். பயம் நிஜம், செய்திதான் பொய். அந்த வருஷம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பாகிஸ்தானில் கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுத்த படம் அது. கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அட்டை காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

'நாலு பேர் சொல்றாங்களே, பொய்யாவா இருக்கும்?' என்று கேட்போம். மச்சான் அனுப்புவார், அபார்ட்மெண்ட் குரூப்பில் வரும், பஜனை குரூப்பிலும் வரும். மூன்று சாட்சி மாதிரி மனசுக்குத் தெரியும். உண்மையில் ஒரே மெசேஜ்தான், மூணு விரல். தெரிந்தவர் முகத்தை நம்பிப் பார்த்திராத விஷயத்தையும் நம்பிவிடுகிறோம். 2023 மார்ச்சில் இதே அம்பு நம்மேல் திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறு எங்கோ எடுத்த வீடியோக்கள் அங்கே பரவின. அங்கிருந்தே அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனியே இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி செய்தது. ஐந்து குரூப்பில் எத்தனை ஆயிரம் பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

நம் பக்தர்கள் குரூப்பிலும் இந்த விரல் பழக்கம் இருக்கு. 'இந்த வேல் படத்தை 11 பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நல்ல செய்தி' என்று வருகிறதே, அதைக் கேள்வி கேட்காமல் அனுப்பிப் பழகின விரல்தான் அடுத்த நிமிஷம் கலவரச் செய்தியையும் அனுப்புகிறது. முருகன் எப்போதாவது ஃபார்வர்டு எண்ணிக்கை கேட்டானா?

சிவபெருமானைப் பாருங்க. எல்லாம் அறிந்தவர். பிள்ளை முன்னால் கைகட்டி, காதைத் தாழ்த்தி, பொருளைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பிரம்மா வெளியே வந்தார்.

இந்தப் பதிவையும் 11 பேருக்கு அனுப்பச் சொல்லலை. முழுசாகப் படித்தவர்கள் மட்டும் அனுப்புங்க, போதும்.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா!