மறைத்துக் காப்பது மானமாகுமா?

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில், உரிய அனுமதியின்றி நடந்துவந்த காப்பகம் ஒன்றிலிருந்து மனநலம் குன்றியோரும் ஆதரவற்றோருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்ட செய்தியைப் படித்தவர்களுக்கு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தீயினின்றும் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்ட கொடுமை நினைவுக்கு வராமல் இராது. காப்பகம் நடத்தியோரின் குற்றத்தை நீதிமன்றங்கள் விசாரிக்கும். அத்தகைய வாசல்களில் பெற்ற பிள்ளையையும் உடன்பிறந்தாளையும் விட்டுவரச் செய்வதில், வறுமைக்கும் சோர்வுக்கும் அடுத்தபடியாக, ஊரார் அறியலாகாது என்ற அச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குடும்ப கௌரவத்தின் பொருட்டு ஒருவருடைய மனோவியாதியை மறைத்தல் தர்மமாகுமா? ஒருகாலும் ஆகாது.

மணமாகாத பெண் இருக்கும் வீட்டைப் பற்றி, "அந்தக் குடும்பத்தில் பைத்தியம் உண்டாம்" என்று எழும் ஒரு சொல் வரன்களைத் திருப்பியனுப்பிவிடும் என்பது மெய்; அந்தத் தாயின் கலக்கத்தை இகழ்வதற்கில்லை. எனினும் ஒருத்தியின் மணத்துக்காக இன்னொருவனுடைய அறிவையே பலியிடுவதற்கு எந்தச் சாஸ்திரமும் இடந்தரவில்லை.

காரைக்கால் மண்ணே இதற்குச் சாட்சி. சனி தோஷம் பிடித்தது என்று நம்பி, உறக்கமிழந்த மகனையும் பேச்சிழந்த மகளையும் அழைத்துக்கொண்டு திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் மூழ்கியெழும் குடும்பங்கள், அத்தீர்த்தத்துக்குரிய நளனுடைய சரிதத்தை ஒருமுறை முழுதும் சிந்திக்க வேண்டும். சூதில் நாடிழந்து, மதி மயங்கி, கட்டிய மனைவியையே நள்ளிரவில் கானகத்தில் விட்டகன்று, உருவமும் மாறி அயோத்தியில் தேர்ப்பாகனாய் ஒளிந்திருந்த அவ்வேந்தனைத் தமயந்தி அவமானமென்று மறைக்கவில்லை. தந்தையிடம் உரைத்தாள், தேசந்தோறும் ஆள் விடுத்தாள், தேடிக் கண்டு மீட்டாள். தீர்த்தம் அவனுக்குப் பின்னர் வந்தது. தேடுவோரின் அன்பு முன்னர் வந்தது.

மாங்கனித் திருவிழாவில் இவ்வூர் கொண்டாடும் காரைக்கால் அம்மையாரின் பேயுருவைக் கண்டவர் அஞ்சி ஓடினர் என்றும், கயிலையில் ஈசனோ அவரை அம்மை என்றழைத்தான் என்றும் சேக்கிழார் பாடியிருக்கிறார். அவருடைய தவத்தை நோயென்று கொள்வது அபசாரம். ஆயினும் உருவம் கண்டு ஓடுதல் உலகத்தார் இயல்பு, உறவு சொல்லி அழைத்தல் இறைவன் இயல்பு என்று கொள்ளத் தடையில்லை. வழிபாடு போதாதா என்பார்க்குச் சரக சம்ஹிதை விடை தருகிறது: தெய்வ வழிபாடு, மருந்தும் பத்தியமும், மனத்தைத் தீயவற்றினின்று மீட்டல் என மூவகைச் சிகிச்சையை அது வகுத்தது, முதலாவதைச் செய்தவர் மற்றவற்றை விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. வள்ளுவரும் நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்னும் நால்வகையையும் சேர்த்தே மருந்தென்றார். மறைப்பவனோ நோயாளியை மற்ற மூன்றினின்றும் ஒருசேரப் பிரித்துவிடுகிறான். வடக்கே பூம்புகாரில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள் மணிமேகலை. நாமோ வீட்டின் பின்கட்டையே சிறைக்கோட்டம் ஆக்குகிறோம்.

மறைப்பதன் விலை சிறிதன்று. 2022ஆம் ஆண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி நாடு முழுவதிலும் லட்சம் பேருக்கு 12.4 ஆக இருந்த தற்கொலை விகிதம், காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 29.7 ஆகும். இம்மரணங்களுக்குக் காரணங்கள் பல. ஆனால் வாய்விட்டுச் சொல்ல ஓரிடம் கிடைத்திருந்தால் அவற்றுள் சிலவேனும் நேர்ந்திரா. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்ததோடு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியது. சட்டம் நெகிழ்ந்த பின்னும் வீடு நெகிழாதிருத்தல் தகாது.

ஆதலால் காரைக்கால் மேட்டிலும், திருமலைராயன்பட்டினத்திலும், நெடுங்காட்டிலும் உள்ள குடும்பத்துப் பெரியோர்களே, கோயிலுக்குச் செல்லுங்கள், நாகூர் தர்காவுக்கும் செல்லுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். அதற்கும் மனம் தயங்கினால், 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.