அவளைச் சிறுமியாக அறிந்தவர்கள்

கெப்பாலா பத்தாஸிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜெர்மானியப் பெண்ணின் நினைவு வரும். ஜார்ஜ்டவுனுக்குப் பெயர் தந்தவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். 1786 ஆகஸ்ட் 11இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றியபோது பினாங்குக்கு இட்ட பெயர் வேல்ஸ் இளவரசர் தீவு. மறுநாள் அந்த இளவரசருக்குப் பிறந்தநாள். நகருக்குக் கணவன் பெயர், தீவுக்கு மகன் பெயர். இருவருக்கும் நடுவில் இருந்த ராணி ஷார்லட்டைப் பற்றி இங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை.

வட ஜெர்மனியில் மெக்லென்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற சின்னஞ்சிறு அரசில் பிறந்தவள். 1761இல், அவளுக்கு 17 வயதானபோது, சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நாட்களிலேயே தாய் இறந்துபோனாள். துக்கம் ஆறுமுன் கப்பலேறி, கொந்தளித்த கடலைத் தாண்டி, செப்டம்பர் 8ஆம் தேதி லண்டன் சேர்ந்தாள். அன்றிரவே கல்யாணம். மாப்பிள்ளை முகத்தை முதன்முதலாகப் பார்த்ததும் அன்றுதான். பிறகு 15 பிள்ளைகள், 57 ஆண்டுகள். பிறந்த மண்ணுக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை.

இப்படிப்பட்ட பெண்களை, புகுந்த இடத்தில் ஒன்றிப்போனார்கள் என்று மெச்சுகிறோம். எனக்கு அது போதவில்லை. பாஷை வந்துவிடும், சாப்பாடு பழகிவிடும். சின்னப் பிள்ளையாக ஓடித் திரிந்த தன்னைத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத வீட்டில் காலம் தள்ளுவதற்கு எதைப் பழகுவது?

ஊரிலிருந்து அவளோடு வந்தவர்களில் ஒருத்தி யூலியானா ஷ்வெல்லன்பர்க். கடுகடுத்தவள். 1786இல் அரண்மனை வேலைக்குச் சேர்ந்து அவளிடம் மாட்டிக்கொண்ட எழுத்தாளர் ஃபேனி பர்னி, நாட்குறிப்பில் பொருமித் தீர்த்திருக்கிறார். ராணியோ கடைசிவரை அவளை விலக்கவில்லை. பலர் இதை ராணியின் பலவீனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்ப் பேச்சும் பழைய நாட்களும் அவளிடம் அல்லவா இருந்தன!

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிக் கல்யாணப் பெண்ணாக இங்கே வந்தவர். யாரோடும் ஒத்துப்போகாத ஊர்க்காரக் கிழவி ஒருவருக்கு எங்கள் வீட்டில் எப்போதும் இடமுண்டு. பாட்டியைப் பெயர் சொல்லி, அதுவும் "டி" போட்டுக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார். இன்றும் தமிழ்நாட்டிலிருந்து மருமகள்கள் வருகிறார்கள். எப்போது பார்த்தாலும் கைப்பேசியில் அம்மாவோடு பேச்சு என்று மாமியார்கள் குறைப்படும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பேசட்டுமே.

1797இல் ஷ்வெல்லன்பர்க் இறந்தாள். அதே ஆண்டு ராணியின் மூத்த மகள் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தாயும் மகளும் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. மற்ற மகள்களை அனுப்ப மன்னருக்கு மனமில்லை. அவர் நோயில் விழுந்தபின் ராணி அவர்களைத் தன் பக்கத்திலேயே இருத்திக்கொண்டாள். மேரிக்குக் கல்யாணம் நடந்தபோது வயது 40. அந்தப் பெண்களின் இளமை அந்த அரண்மனைக்குள்ளேயே கழிந்தது. தாய் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். அவளைக் கல்நெஞ்சக்காரி என்பவர்களோடு சேரவும் எனக்கு மனம் வரவில்லை.